மிதிவண்டியில் செல்வோர் சாலைச் சந்திப்பில் நிற்க வேண்டியது ஏன்?

கோவில்பட்டிப் பகுதியில் கரிசல் கிராமங்களின் இணைப்புச் சாலைகள் பல, மதுரை–திருநெல்வேலி நான்குவழிச் சாலையில் (தேசிய நெடுஞ்சாலை 44) வந்து சேர்கின்றன. மிதிவண்டியில் வரும் மாணவர்களும் முதியோரும் இச்சந்திப்புகளில் முழுமையாக நிற்பது அவசியம்.

நிற்கத் தயங்குவது ஏன்?
நின்ற மிதிவண்டியை மீண்டும் மிதித்துக் கிளப்பக் கூடுதல் வலிமை தேவை. ஆடி மாத எதிர்காற்றில் இச்சிரமம் மேலும் கூடும். எனவே பலர் வேகத்தை மட்டும் குறைத்துக் கடக்கின்றனர். ஆனால், மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் வரும் வாகனம் ஒரு நொடியில் 22 மீட்டர் கடந்துவிடும்.

செய்ய வேண்டியவை
• "நில்" பலகை இல்லாவிடினும் சந்திப்பிற்கு முன் நின்று, காலைத் தரையில் ஊன்றவும்.
• வலப்புறம், இடப்புறம், மீண்டும் வலப்புறம் பார்க்கவும்.
• வண்டியை உருட்டிச் சென்று, நடுத்திட்டு இடைவெளியில் நின்று, இடப்புறம் பார்த்த பின் மறுபாதியைக் கடக்கவும்.
• தலைக்கவசம் அணியவும்.
• மழைக்காலத்தில் பிரேக் கட்டையில் ஒட்டிய கரிசல் மண்ணை அகற்றவும்.

தலையில் அடிபட்டால்
வாந்தி, மயக்கம், தீராத் தலைவலி, வலிப்பு, பேச்சுக் குழறல், காது அல்லது மூக்கில் இரத்தமோ நீரோ வடிதல் ஆகியவற்றுள் ஒன்று இருப்பினும் உடனே 108-ஐ அழைக்கவும். வெளிக்காயம் இல்லாவிடினும், சில மணி நேரம் கழித்தும் இவை தோன்றலாம். குழந்தையைத் தனியே உறங்க விடாமல் கண்காணிக்கவும்.

"இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டத்தில், விபத்து நிகழ்ந்த முதல் 48 மணி நேரத்திற்கு அவசர சிகிச்சை கட்டணமின்றி அளிக்கப்படுகிறது. செலவை எண்ணித் தாமதிக்க வேண்டாம்.