பழியும் பசியும்: 2020 கொள்ளைநோயில் வடகிழக்குச் சகோதரிகள்

கொள்ளைநோய் பரவும் காலத்தில் அதற்கு ஒரு முகம் தேடும் வழக்கம் பழையது. 1348-ஆம் ஆண்டு ஐரோப்பாவில் கறுப்புச் சாவு பரவியபோது, யூதர்கள் கிணறுகளில் நஞ்சிட்டனர் எனப் பழி எழுந்தது. அதனை மறுத்துப் போப்பு ஆறாம் கிளெமெந்து அவ்வாண்டே ஆணைகள் விடுத்தார். ஆயினும் கிறிஸ்தவ நகரங்களில் யூதர் கொல்லப்பட்டனர். சபை வரலாற்றில் நாம் கற்கும் இப்பாடம் 2020-இல் நம் நாட்டிலும் வேறு உருவில் திரும்பிற்று.

தியாகராய நகர், மயிலாப்பூர், அடையாறு பகுதிகளின் அழகு நிலையங்களிலும் உணவு விடுதிகளிலும் மணிப்பூர், மிசோரம், நாகாலாந்து மாநிலங்களிலிருந்து வந்த இளம்பெண்கள் உழைக்கின்றனர். அவர்களுள் பலர் பாப்திஸ்து, பிரெஸ்பிட்டேரியன் சபையினர். சீனாவில் முதலில் காணப்பட்ட நோயை அவர்தம் முகச்சாயலோடு இணைத்து இந்திய நகரங்களில் வசை எழுந்தது. இத்தகைய தொல்லைகளைத் தடுக்குமாறு மத்திய உள்துறை அமைச்சகம் 2020 மார்ச் 21 அன்று மாநிலங்களுக்கு எழுத நேர்ந்தது. இது புதிய புண் அன்று. 2012 ஆகஸ்டில் வதந்திக்கு அஞ்சி வடகிழக்கு மக்கள் பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் இரயிலேறினர். 2014-இல் தில்லியில் நிடோ தானியா என்ற அருணாசல மாணவர் தாக்கப்பட்டு இறந்தபின் அமைந்த பெஸ்பரூவா குழு, இனவசையைத் தனிக்குற்றமாக்கப் பரிந்துரைத்தது. 2020 வரை அச்சட்டம் வரவில்லை.

பழியோடு பசியும் வந்தது. மார்ச் 25 அன்று நாடெங்கும் ஊரடங்கு தொடங்கிற்று. பிறரைத் தொட்டுச் செய்யும் தொழிலாதலால், மற்றக் கடைகள் பல திறந்தபின்னரும் சென்னையின் அழகு நிலையங்கள் ஜூன் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஜூன் 19 முதல் ஜூலை 5 வரை முழு ஊரடங்கில் மீண்டும் மூடப்பட்டன. உறைவிடமும் வேலையோடு பிணைந்திருந்தவர்க்கு வேலையிழப்பே வீடிழப்பின் அச்சமுமாயிற்று. அவர்தம் குடும்ப அட்டை சொந்த ஊருக்குரியது. வெளிமாநில அட்டைக்கும் பொருள் வழங்கும் திட்டம் தமிழகத்தில் அக்டோபரில்தான் தொடங்கிற்று. அதற்குள் மே மாதமே சென்னையிலிருந்து மணிப்பூரின் ஜிரிபாமுக்குச் சிறப்பு இரயில் சென்றுவிட்டது. மாதந்தோறும் வீட்டுக்குப் பணம் அனுப்பியவர்கள் வெறுங்கையோடு வீடு திரும்பினர்.

மோவாபியப் பெண்ணாகிய ரூத்துக்குப் போவாஸ் செய்தவை இரண்டு. கதிர் பொறுக்க வழிவிட்டான்; அவளைத் தொந்தரவு செய்யலாகாதெனத் தன் வேலையாட்களுக்குக் கட்டளையும் இட்டான். ஊரடங்கில் சபைகள் பல அரிசியும் பருப்பும் வழங்கின. முன்னது ஓரளவு நிறைவேறிற்று. பின்னதோ நம் சொந்த மக்களிடம் பேசவேண்டிய பேச்சு. வீட்டு உரிமையாளரும் கடை முதலாளியும் அண்டை வீட்டாரும் நம் சபைப் பட்டியலிலும் உள்ளனர். வழிபாட்டு மொழி வேறாயினும் இச்சகோதரிகள் நம் சபையாரே என்று அவர்களுக்கு உணர்த்துவது ஆயரின் கடன். அடுத்த கொள்ளைநோய் வருமுன்னரே அப்பணி தொடங்கவேண்டும்.