தெரிந்தவருக்குத் தெரிந்தவர்: தொழில்முறை வலைத்தளங்கள் உருவான வரலாறு

வேலையும் வணிகமும் அறிமுகத்தின் வழியே கிடைப்பது எல்லா நாட்டிலும் பழைய வழக்கம்தான் என்றாலும், அந்த அறிமுகத்துக்கென்று விதிகள் வகுத்து அதையே ஓர் அமைப்பின் நோக்கமாக அறிவிக்கும் முயற்சிக்கு 1905ஆம் ஆண்டு சிகாகோ நகரில் பால் ஹாரிஸ் என்ற வழக்கறிஞர் தொடங்கிய ரோட்டரி சங்கம் நல்ல சான்று. இன்று தொண்டு அமைப்பாக அறியப்படும் இச்சங்கம், தன் தொடக்க விதிகளில் உறுப்பினரின் வணிக நலனைப் பெருக்குவதையே முதல் நோக்கமாக எழுதி வைத்திருந்தது. ஒரு தொழிலுக்கு ஒருவர் என்ற கணக்கில் ஆள் சேர்த்ததால் உறுப்பினருக்குள் தொழிற்போட்டி எழவில்லை. கூட்டங்கள் ஒவ்வொருவர் அலுவலகத்திலும் முறைவைத்து நடந்தன. ஆயினும் ஒரே ஊரில் நேரில் கூடுவோரின் வட்டம் என்பதால் அதன் வீச்சு குறுகியதாகவே இருந்தது.

முன்பின் அறியாத ஒருவரை அடைய இடையில் எத்தனை பேர் வேண்டும் என்பதை நேரடிச் சோதனையால் அளக்க முயன்றவர் ஸ்டான்லி மில்கிராம் என்ற அமெரிக்க உளவியலாளர். 1967இல் அவர் பொதுவாசகர்களுக்கு அறிமுகப்படுத்தி, 1969இல் ஜெஃப்ரி டிராவர்ஸுடன் சேர்ந்து விரிவாக வெளியிட்ட 'சிறிய உலகம்' ஆய்வில், நெப்ராஸ்கா மாநிலத்திலும் பாஸ்டன் நகரிலும் இருந்த 296 பேரிடமிருந்து சங்கிலிகள் தொடங்கின. ஷேரன் என்ற சிற்றூரில் குடியிருந்து பாஸ்டனில் பணியாற்றிய ஒரு பங்குத் தரகரைச் சென்றடைய வேண்டிய உறை ஒன்று ஒவ்வொருவரிடமும் தரப்பட்டது. அவரை நேரில் அறியாதவர், அவரை அறிந்திருக்கக்கூடும் என்று தாம் கருதும், தமக்கு நன்கு பழக்கமான ஒருவருக்கே அதை அனுப்பலாம் என்பது விதி. 64 உறைகள் போய்ச் சேர்ந்தன. அவற்றுக்கு இடையாட்களாக இருந்தோர் சராசரியாக ஐந்து பேருக்குச் சற்றே கூடுதல். 'ஆறு படி இடைவெளி' என்று பின்னாளில் உலகமெங்கும் பரவிய சொற்றொடரின் ஆதாரம் இவ்வளவே. சேராமற்போன 232 உறைகளைப் பற்றிப் பேசுவோர் குறைவு. அதைவிடக் கவனத்துக்குரியது வேறொன்று: சேர்ந்த 64இல் 16 உறைகள் ஷேரனில் துணிக்கடை வைத்திருந்த ஒரே வணிகரின் கை வழியாகவே வந்திருந்தன. எல்லாரும் எல்லாரோடும் சமமாக இணைந்திருக்கவில்லை, ஊருக்கு நாலு பேரைத் தெரிந்த சிலரிடமே வழிகள் வந்து கூடுகின்றன என்பதையே இது காட்டிற்று.

அறிமுகத்துக்கும் வேலைக்கும் உள்ள உறவை ஆராய்ந்தவர் மார்க் கிரானோவெட்டர். பாஸ்டனை அடுத்த நியூட்டனில், அண்மையில் வேலை மாறியிருந்த தொழில்முறை, தொழில்நுட்ப, நிர்வாகப் பணியாளர்களை அவர் விசாரித்தபோது, வேலை பற்றிய செய்தியைத் தந்தவர் பெரும்பாலும் நெருங்கிய நண்பராக இல்லை என்பது தெரியவந்தது. தெரிந்தவர் வழியே வேலை பெற்றோரில், அவரை அடிக்கடி சந்தித்து வந்தவர்கள் ஏறத்தாழ 17 விழுக்காட்டினர் மட்டுமே. மற்றவர்கள் எப்போதாவதோ அரிதாகவோதான் சந்தித்திருந்தனர். நெருங்கியவர்கள் ஒரே வட்டத்தில் உழல்வதால் ஒருவருக்குத் தெரிந்த செய்தி மற்றவருக்கும் முன்பே தெரிந்திருக்கும். பழைய சகபணியாளர் போன்ற மேலோட்டமான பழக்கமுடையவரே வேறு வட்டத்துச் செய்தியைக் கொண்டுவருகிறார். இதைத் 'தளர்ந்த பிணைப்புகளின் வலிமை' என்று பெயரிட்டு 1973இல் அவர் வெளியிட்ட கட்டுரை, அதற்கு நான்காண்டு முன்பு வேறோர் ஆய்விதழால் மறுக்கப்பட்டிருந்தது.

இக்கருத்துகள் இணையத்துக்கு வந்தது 1997இல், ஆண்ட்ரூ வைன்ரீக் நியூயார்க்கில் தொடங்கிய 'சிக்ஸ்டிகிரீஸ்' தளத்தின் வழியே. தெரிந்தவரின் பட்டியலைக் கொடுத்தால் அவர்களுக்குத் தெரிந்தவரையும் காட்டிய அத்தளம், வருமானத்துக்கு உறுதியான வழியின்றிச் சில ஆண்டுகளிலேயே மூடப்பட்டது. எஞ்சியது அதன் காப்புரிமைதான். 2003இல் ஏலத்துக்கு வந்த அதை ரீட் ஹாஃப்மன், மார்க் பிங்கஸ் என்ற இரு தொழில்முனைவோர் 7 லட்சம் டாலருக்கு வாங்கினர்.

அந்த ஹாஃப்மன், பேபால் நிறுவனத்தில் உயர்பொறுப்பில் இருந்துவிட்டு, 2002 டிசம்பரில் நண்பர்களுடன் தம் வீட்டுக் கூடத்திலேயே லிங்க்ட்இன் என்ற தொழில்முறை வலைத்தளத்தைத் தொடங்கியவர். தளம் 2003 மே 5 அன்று பயன்பாட்டுக்கு வந்தது. தொடக்கத்தில் சில நாட்களில் இருபது பேர் அளவிலேயே புதிதாகச் சேர்ந்தனர். அதே ஆண்டில் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரிலும் பின்னர் 'ஜிங்' எனப் பெயர் மாறிய தளம் ஒன்று தோன்றியது. லிங்க்ட்இன்னின் முதற்கால அமைப்பு மில்கிராமின் விதியையே பெரிதும் ஒத்திருந்தது. இரண்டாம், மூன்றாம் படியில் உள்ளவரை அணுக விரும்புபவர் தம் வேண்டுகோளை இடையிலிருக்கும் தெரிந்தவர் வழியே அனுப்ப வேண்டும். அவர் அதைக் கடத்திவிடலாம், நிறுத்தியும் விடலாம். சிபாரிசு செய்பவர் தம் பெயரைப் பணயம் வைக்கிறார் என்ற பழைய நியாயம் அதில் உயிரோடு இருந்தது.

அதைத் தளர்த்தியது வணிகம். 2005இல் வேலை விளம்பரங்களும் கட்டணச் சந்தாவும் வந்தன. அடுத்த ஆண்டு நிறுவனம் இலாபம் கண்டது. ஆனால் சந்தாவோடு வந்த முக்கிய வசதி, இடையாள் எவரும் இன்றி அறியாதவருக்கு நேரே மடல் அனுப்புவது. அதாவது தளம் எந்த வேலியைக் கட்டியதோ அதைத் தாண்டும் உரிமையையே விலைக்கு விற்றது. பயனர்களின் மின்னஞ்சல் முகவரிப் பட்டியலில் இருந்தவர்களுக்கு அப்பயனர்களின் பெயரிலேயே மீண்டும் மீண்டும் அழைப்பு அனுப்பியதாக எழுந்த வழக்கு, 2015இல் 1.3 கோடி டாலர் சமரசத் தொகையில் முடிந்தது. 2012இல் வந்த, ஒரே சொடுக்கில் ஒருவரின் திறமையை மெச்சும் வசதியோ பரிந்துரையைச் செலவற்றதாக்கியது. செலவற்ற பரிந்துரைக்கு மதிப்பும் இராது. சந்தைக்கு இக்குறை ஒரு பொருட்டாகத் தோன்றவில்லை: 2016இல் மைக்ரோசாஃப்ட் 2,620 கோடி டாலர் கொடுத்து லிங்க்ட்இன்னை வாங்கியது.

கிரானோவெட்டரின் கருத்தைப் பெரிய அளவில் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பும் இத்தளத்துக்கே அமைந்தது. 2022 செப்டம்பரில் 'சயின்ஸ்' இதழில் வெளியான ஆய்வு, 2 கோடிக்கு மேற்பட்ட பயனர்களுக்கு 'இவரை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம்' என்று காட்டப்படும் பெயர்களை வெவ்வேறு விதமாக மாற்றி, ஐந்தாண்டுக் காலத்தில் நடந்த சுமார் 6 லட்சம் வேலை மாற்றங்களை ஆராய்ந்தது. மிக நெருங்கியவர்களைவிட ஓரளவு தளர்ந்த பிணைப்புடையோரே வேலைமாற்றத்துக்கு உதவினர் என்று அது கண்டது. அதேசமயம் மிக மிகத் தளர்ந்த பழக்கமும் பெரிதாகப் பயன்படவில்லை. சோதனைக்கு உட்பட்டோருக்கு அது நடப்பது தெரிவிக்கப்படவில்லை. தன் பயன்பாட்டு ஒப்பந்தமும் தனியுரிமைக் கொள்கையும் அதற்கு இடம் தருகின்றன என்று நிறுவனம் விளக்கமளித்தது.