வதியும் வாய்க்காலும்: உத்திரமேரூர் வட்டாரத்து வழிநடை மரபு

வழிநடையை ஓர் இலக்கிய வகையாகவே வளர்த்தெடுத்த மொழி தமிழ். பத்துப்பாட்டில் சரிபாதி, அதாவது ஐந்து நூல்கள், ஆற்றுப்படைகள். பரிசில் பெற்று மீளும் கலைஞன் எதிர்ப்பட்ட கலைஞனுக்கு வள்ளலின் ஊரையும், அதற்குச் செல்லும் வழியையும், வழியில் கிடைக்கும் உணவையும் எடுத்துரைப்பது ஆற்றுப்படை. ஆறு என்ற சொல்லுக்கே வழி என்பது பொருள். நீர் செல்லும் வழியும் மனிதர் செல்லும் வழியும் ஒரே சொல்லால் வழங்கப்பட்டன என்பது தொண்டை நாட்டின் நில அமைப்பை அறிந்தவர்க்கு வியப்பளிக்காது. இங்கு ஊர்களை இணைத்த பாதைகளில் பெரும்பாலானவை ஆற்றங்கரைகளும் ஏரிக்கரைகளும் வாய்க்கால் வரப்புகளுமே ஆகும்.

இவ்வைந்து நூல்களுள் இரண்டு காஞ்சிபுரம் மாவட்டத்தின் உத்திரமேரூர் வட்டாரத்தோடு நெருங்கிய தொடர்புடையன. கடியலூர் உருத்திரங்கண்ணனார் இயற்றிய பெரும்பாணாற்றுப்படை, தொண்டைமான் இளந்திரையனின் காஞ்சிக்குப் பாணனை வழிப்படுத்துகிறது. பெருங்கௌசிகனார் இயற்றிய மலைபடுகடாம், செங்கண்மாத்து நன்னனை நாடிச் செல்லும் கூத்தரைச் சேயாற்றின் கரை வழியே போகச் சொல்கிறது. அந்தச் சேயாறே இன்றைய செய்யாறு. செங்கம், செய்யாறு நகரப் பகுதிகளைக் கடந்து வரும் அது, உத்திரமேரூருக்கு வடக்கே திருமுக்கூடலில் பாலாற்றோடு கலக்கிறது.

இந்நூல்களில் நடப்பவர் எவரும் தனியர் அல்லர் என்பது கருதத்தக்கது. பாணனும் கூத்தனும் மனைவியரோடும் சுற்றத்தோடும் இசைக்கருவிகளோடும் செல்கின்றனர். பெரும்பாணாற்றுப்படை காட்டும் உப்பு வணிகரின் வண்டித் தொடரில், கைக்குழந்தையை உடைய பெண்ணொருத்தி எருதுகளை ஓட்டி வருகிறாள். மலைபடுகடாமோ வழியின் இடர்களையும் மறைக்காமல் கூறிச் செல்கிறது. பாதைகள் பிரியுமிடத்தில் சரியான வழியைத் துடைத்துச் செம்மை செய்து, பின்னால் வருவோர் அறியுமாறு புல்லை முடிந்து வைக்குமாறு அது சொல்கிறது. குடும்பத்தோடு நடத்தல், வழியின் இடரை முன்கூட்டி உரைத்தல், பின்வருவோர்க்கு அடையாளம் விடுத்தல் ஆகிய மூன்றும் அன்றே வழிநடை ஒழுக்கமாக இருந்தன எனலாம்.

சங்க காலத்துக்குச் சில நூற்றாண்டுகளுக்குப் பின்னர், பல்லவர் ஆட்சியில் பிரமதேயமாக வளர்ந்த ஊர் உத்தரமேருச் சதுர்வேதிமங்கலம். காஞ்சிபுரத்திலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் உள்ள இவ்வூரின் தோற்றத்தை 8ஆம் நூற்றாண்டின் இரண்டாம் நந்திவர்மன் காலத்தோடு இணைப்பது மரபு. அவன் மகன் தந்திவர்மனின் விருதுப்பெயரான வயிரமேகன் என்பதைத் தாங்கியதே ஊரின் பேரேரியாகிய வயிரமேகத் தடாகம். அவ்வேரியில் வண்டல் எடுப்பதற்கென்றே அறக்கொடைகள் வைக்கப்பட்டதைக் கல்வெட்டுகள் கூறுகின்றன. ஏரி தூர் வாரப்படுந்தோறும் வாரிய மண் கரையில் ஏறும். கரை உயர்ந்து அகலும். அகன்ற கரை பாதையாகும். நீரைக் காக்கச் செய்த வேலையே மக்கள் நடக்கும் வழியையும் தந்தது.

ஊரின் நிலப்பரப்பு அளக்கப்பட்ட முறை இதனினும் சுவையானது. பிரமதேய ஊர்களின் கல்வெட்டுகள் ஒரு வயலின் இருப்பிடத்தைக் குறிக்கும்போது, இன்ன வதிக்குக் கிழக்கு, இன்ன வாய்க்காலுக்கு வடக்கு, இத்தனையாம் கண்ணாறு, இத்தனையாம் சதுக்கம் என எழுதிச் செல்லும். வதி என்பது பாதை. தெய்வங்களின் பெயராலும் அரசரின் பெயராலும் வதிகளும் வாய்க்கால்களும் வழங்கின. ஆகவே ஒவ்வொரு வயலுக்கும் முகவரியாக அமைந்தது ஒரு பாதையும் ஒரு நீரோட்டமுமே. பாதை மறைந்தால் வயலின் பெயரே மறைந்துவிடும் என்ற நிலையில் பாதையைக் காப்பது ஊரின் கடமையாயிற்று.

இப்பின்னணியில் வைத்துப் பார்த்தால்தான் வைகுந்தப் பெருமாள் கோயிலின் புகழ்பெற்ற கல்வெட்டுகள் முழுப்பொருள் தருகின்றன. முதலாம் பராந்தக சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி.பி. 919இலும் 921இலும் பொறிக்கப்பட்ட இவை, 1898ஆம் ஆண்டில் தொல்லியல் துறையினரால் படியெடுக்கப்பட்டன. கே.ஏ. நீலகண்ட சாஸ்திரியார் 1932இல் வெளியிட்ட சோழர் ஆட்சிமுறை பற்றிய ஆய்வுநூல் இவற்றை உலகறியச் செய்தது. முப்பது குடும்புகளுக்கும் குடவோலை இட்டு, சம்வத்சர வாரியத்துக்கு 12 பேரும், தோட்ட வாரியத்துக்கு 12 பேரும், ஏரி வாரியத்துக்கு 6 பேரும் தேர்ந்தெடுக்கப்பட்டனர். பதவிக்காலம் 360 நாள்.

இவற்றுள் பலரும் கவனியாத விதி ஒன்று உண்டு. தேர்ந்தெடுக்கப்பட்ட முப்பதின்மருள் முன்னரே தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் செய்தவர்களும், கல்வியாலும் வயதாலும் முதிர்ந்தவர்களுமே சம்வத்சர வாரியத்துக்கு உரியவர் என்று 921ஆம் ஆண்டுக் கல்வெட்டு கூறுகிறது. தோப்பையும் ஏரிக்கரையையும் சுற்றி வந்து பழகியவனே ஊரின் பொதுக் காரியத்தில் அமரத் தக்கவன் என்பது இதன் கருத்து. மண்டபத்துக்குள் நுழையும் தகுதி மண்டபத்துக்கு வெளியே நடந்து பெறப்பட்டது.

மற்றொரு செய்தியும் இங்கு நினைக்கத்தக்கது. இளையோரும் முதியோரும் உட்பட மகாசபை நிரம்பக் கூடியிருக்க, வயதில் மூத்த நம்பி ஒருவர் குடத்தை எல்லோரும் காணத் தூக்கிப் பிடிப்பார். அதிலிருந்து ஓலையை எடுப்பவன், உள்ளிருப்பதை வேறுபடுத்தி அறியாத ஒரு சிறுவன். ஊரின் தலைமையைத் தொட்டு எடுக்கும் கை ஒரு குழந்தையின் கையாக இருந்தது.

எனினும் அச்சபை பிராமண நிலவுடைமையாளரின் சபை என்பதை மறைத்தல் கூடாது. வரி செலுத்தும் கால் வேலி நிலமும், சொந்த மனையில் வீடும், மறைநூற் பயிற்சியும் உடைய 35 வயதுக்கு மேல் 70 வயதுக்கு உட்பட்ட ஆடவரின் பெயர்களே குடத்துக்குள் சென்றன. ஏரியை வெட்டியோர், கூடையில் வண்டல் சுமந்தோர், நாற்று நட்ட பெண்கள், மாடு மேய்த்த சிறார் ஆகியோரின் ஓலை அக்குடத்தில் விழவில்லை. அவர்கள் இவ்வட்டாரத்தில் விட்டுச் சென்ற எழுத்து, அவர்கள் கால்பட்டு இறுகிய பாதைகளே. கல்வெட்டை மட்டும் படிப்பவர் வரலாற்றின் ஒரு பாதியைப் படிக்கிறார். மறுபாதியை நடந்துதான் படிக்க இயலும்.

அவ்வாறு படிப்பதற்கு உரிய வழிகள் இன்றும் மூன்று உள்ளன. முதலாவது ஊர்வழி. வைகுந்தப் பெருமாள் கோயில், மூன்று தளங்களிலும் திருமாலின் திருவுருவங்களைக் கொண்ட சுந்தரவரதப் பெருமாள் கோயில், கயிலாசநாதர் கோயில், பாலசுப்பிரமணியர் கோயில் ஆகியவற்றைக் குழந்தைகளோடு ஒரு காலைப்பொழுதில் நடந்தே கண்டுவிடலாம். அங்கிருந்து ஏரிக்கரைக்குச் செல்வதே முறையான நிறைவு. அனுமந்தண்டலம் அணைக்கட்டிலிருந்து வரும் செய்யாற்று நீர் இன்றும் இவ்வேரிக்கு வந்து சேர்கிறது. கார்த்திகைக்குப் பின் நீர் நிறைந்திருக்கும் நாள்களில் கரையின் ஒருபுறம் நீரும் மறுபுறம் நெற்பயிருமாகக் காணும் குழந்தைக்கு, ஏரி வாரியம் எதற்கு என்று தனியே விளக்க வேண்டியதில்லை.

இரண்டாவது ஆற்றுவழி. பாலாற்றின் வடகரையில் பழைய சீவரம் குன்றின்மேல் இலட்சுமி நரசிம்மர் கோயிலும், எதிரே தென்கரையில் திருமுக்கூடல் வேங்கடேசப் பெருமாள் கோயிலும் அமைந்துள்ளன. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடம் இது. ஒவ்வோர் ஆண்டும் மாட்டுப் பொங்கலன்று நடைபெறும் பார்வேட்டைக்காகக் காஞ்சி வரதர் பழைய சீவரத்துக்கு எழுந்தருளி, மலையேறி இறங்கி, ஆற்றைக் கடந்து திருமுக்கூடல் சேர்கிறார். சாலவாக்கம், காவாந்தண்டலம் ஆகிய ஊர்களின் பெருமாள்களும் அங்கு வந்து கூடுகின்றனர். சுற்றுவட்டாரக் குடும்பங்கள் கட்டுச்சோற்றோடு ஆற்று மணலில் திரள்வது இவ்விழாவின் சிறப்பு. இதனைச் சமய விழாவாக மட்டும் காண வேண்டியதில்லை. ஆண்டுக்கொரு முறை ஊர்கள் தம் பழைய வழிகளை மீண்டும் மிதித்துப் புதுப்பிக்கும் ஏற்பாடாகவும் இதனைக் கொள்ளலாம்.

திருமுக்கூடல் கோயிலில் வீரராசேந்திர சோழனின் (கி.பி. 1063–1070) நெடிய கல்வெட்டு ஒன்று உள்ளது. வேதமும் இலக்கணமும் கற்ற மாணவர்க்கு உணவும் உறைவிடமும் அளித்த கல்விச்சாலையையும், வீரசோழன் என்ற பெயரில் இயங்கிய ஆதுலர் சாலையையும் அது விவரிக்கிறது. 15 கட்டில்கள், மருத்துவர் ஒருவர், அறுவை செய்வார் ஒருவர், மருந்தும் விறகும் கொணர்வார், நோயாளரைப் பேணும் பெண்கள், சேமித்து வைக்கப்பட்ட மருந்துகளின் பெயர்கள் ஆகியவற்றை அது வரிசைப்படுத்துகிறது. மூன்று ஆறுகள் கூடுமிடம் பல வழிகள் கூடுமிடமும் ஆகும். நோயாளரும் மாணவரும் பல ஊர்களிலிருந்து வந்து சேரத்தக்க இடத்தில் இச்சாலைகள் அமைந்ததில் பொருத்தம் இருக்கிறது.

மூன்றாவது காட்டுவழி. உத்திரமேரூர் வட்டாரத்துக் காடு ஓங்கிய மரங்களின் காடன்று. காரையும் களாவும் சூரையும் வேலமும் ஈச்சும் அடர்ந்த புதர்க்காடு. பெரும்பாணாற்றுப்படையின் எயினர் தம் குடில்களை ஈந்தின் ஓலையால் வேய்ந்தனர். இப்புதர்க்காட்டின் ஓரம் நடப்பவர் அந்த ஈச்சை இன்றும் காணலாம். இவ்வழியின் முடிவில் வைக்கத் தக்கது, 2019 முதல் செங்கல்பட்டு மாவட்டத்தில் அடங்கும் வேடந்தாங்கல். அங்குள்ள பறவைகளைச் சுட்டோர் மீது ஊரார் முறையிட, 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் செங்கல்பட்டு ஆட்சியர் லயனல் பிளேஸ் அவற்றைக் காக்கும் உரிமையை ஊராருக்கு எழுதித் தந்தார். பறவை எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாகும் என்பதை உழவர் அறிந்திருந்தனர். 2022இல் வேடந்தாங்கலும் அருகிலுள்ள கரிக்கிலியும் ராம்சார் ஈரநிலங்களாக அறிவிக்கப்பட்டன. உலகம் அளித்த அவ்வறிந்தேற்புக்கு இரு நூற்றாண்டுகளுக்கு முன்பே ஊரார் அதன் அருமையை உணர்ந்திருந்தனர். அங்கும் காட்சிக்குரிய இடம் ஏரிக்கரைப் பாதையே.

இம்மூன்று வழிகளும் இன்று நலமாக இல்லை. பாலாறு ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கிறது. அதன் மணல் பல்லாண்டுகளாக அள்ளப்பட்டது. கல்குவாரி லாரிகள் செல்லும் சாலையோரங்களில் குழந்தையின் கைபற்றி நடக்க இயலாது. வண்டிப்பாட்டைகள் பல நிலப்படங்களில் கோடுகளாக மட்டுமே எஞ்சி, தரையில் வேலிக்குள் மறைந்துள்ளன. 2020 டிசம்பர் 10ஆம் நாள் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்ட விழாவில் உத்திரமேரூரின் பெயர் பேசப்பட்டது. ஆனால் காரில் வந்து கல்வெட்டின் முன் சற்று நேரம் நின்று திரும்புவோர், அச்சபை எதைக் காக்கக் கூடியதோ அந்த ஏரியையும் வழியையும் காணாமலே போகின்றனர்.

மண்டபத்தைக் காக்க அரசுத் துறை உண்டு. பாதையைக் காக்க அதில் நடக்கும் கால்களே உண்டு. நடப்பார் அற்ற வழி ஓரிரு மழைக்காலத்தில் புதராகும், பின்னர் வயலாகும், அதற்கும் பின்னர் மனைப்பிரிவாகும். எனவே ஆற்றுப்படையைப் பயிலும் இலக்கிய வட்டங்கள் ஆண்டுக்கு ஒரு நாளேனும், தை, மாசித் திங்களின் இளவெயிலில், முதியோரையும் சிறாரையும் உடன்கொண்டு இவ்வழிகளுள் ஒன்றில் நடப்பது வெறும் உல்லாசப் பயணம் ஆகாது. வாய்க்காலின் பெயரை அவ்வூர் உழவரிடமும், செடியின் பெயரை ஆடு மேய்ப்பவரிடமும் கேட்டு எழுதி வைத்தல் வேண்டும். கல்லில் இடம்பெறாதவர் பேசத் தொடங்கும் இடம் அதுவே. அன்று குடத்திலிருந்து ஓலையை எடுத்த சிறுவனைப் போல, நாளை அவ்வழிகளின் பெயரை நினைவிலிருந்து எடுத்துச் சொல்ல இன்று உடன் நடக்கும் ஒரு குழந்தை தேவைப்படுகிறது.