ஓசை அடங்கிய வலு

பேரோசை எழுப்பும் பொருளே பெருவலு உடையது என்னும் எண்ணம் மக்கள் மனத்தில் நெடுங்காலமாக வேரூன்றி நிற்பது. இடி முழங்குகிறது, பீரங்கி அதிர்கிறது, பேரருவி ஆர்ப்பரிக்கிறது. ஆகவே, காது செவிடுபடத் தெருவிற் செல்லும் மோட்டார் வண்டியும் வலுவிற் சிறந்ததாகவே இருத்தல் வேண்டும் எனப் பலர் கருதுகின்றனர். சைலன்சரைக் கழற்றி எறிந்துவிட்டு, அதனால் வேகம் கூடிவிட்டதென மகிழும் இளைஞர் எந்நாட்டிலும் உளர். இக்கருத்தில் மெய் எவ்வளவு, பொய் எவ்வளவு? இதற்குரிய விடை பொறியியல் நூல்களில் மட்டுமன்றி, மோட்டார் வண்டியின் வரலாற்றிலும் அமைந்து கிடக்கிறது.

முதலில் ஓசை பிறக்கும் வகையை அறிதல் நன்று. இயந்திரத்தின் உருளையினுள்ளே எரிபொருள் எரிந்து முசலத்தைத் தள்ளுகிறது. அத்தொழில் முடியுந் தறுவாயில் வெளியேற்றும் வால்வு திறக்கிறது. உள்ளே அடைபட்டிருந்த வெப்ப வாயு, இன்னும் அமுக்கம் மிக்கதாய், ஒரே பாய்ச்சலாகக் குழாயினுட் புகுகிறது. அப்பாய்ச்சலே வெடியோசை. நான்கு உருளைகளையுடைய இயந்திரம் நிமிடத்திற்கு 3000 முறை சுழலுமாயின், இத்தகைய பாய்ச்சல் ஒவ்வொரு விநாடியிலும் 100 முறை நிகழ்கிறது. எரிபொருளிலுள்ள சக்தியில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு இவ்வாறு புகைக்குழாய் வழியே வெளியேறி வீணாகிறது. காதிற்கு எட்டும் ஓசை, இழந்துபோன சக்தியின் ஒரு சிறு கூறேயாகும். ஈட்டிய வலுவின் அறிகுறி அன்று.

அமெரிக்காவில் இந்தியானா மாநிலத்தைச் சேர்ந்த றீவ்ஸ் சகோதரர்கள், இயந்திரத்தின் வெளியேற்ற ஓசையைத் தணிக்கும் கருவியொன்றிற்கு 1897ஆம் ஆண்டிலே காப்புரிமை பெற்றனர். துப்பாக்கியின் ஓசையை அடக்கும் சைலன்சருக்கு 1909இற் காப்புரிமை பெற்ற ஹைரம் பேர்சி மக்சிம் என்பார், அதே தத்துவத்தை இயந்திரங்களுக்கும் பயன்படுத்தினார். இயந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்து உலகை அதிரவைத்த தந்தைக்கு, ஓசையை அடக்கும் மைந்தன் பிறந்தமை வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

ஆயினும் அக்காலச் சைலன்சர்கள் குறைபாடுடையவை. குறுக்குத் தகடுகளால் வாயுவைப் பலமுறை திருப்பி மோதச் செய்து, அவை ஓசையைத் தணித்தன. வாயு வெளியேறத் தடை ஏற்படவே, முசலம் அதனைத் தள்ளுவதற்கு வலுவைச் செலவிட நேர்ந்தது. இதனால் மேட்டில் ஏறும்போது சைலன்சரை விலக்கி வாயுவை நேரே வெளிவிடும் திறப்பொன்றைப் பலர் தம் வண்டிகளிற் பொருத்திக்கொண்டனர். ஓசையை அடக்கினால் வலு குன்றும் என்ற நம்பிக்கை தோன்றிய இடம் இதுவே. அந்நாளில் அது முற்றும் பொய்யன்று.

அந்நம்பிக்கை பெருஞ் சோதனைக்குள்ளான களம், இங்கிலாந்தில் வேபிரிட்ஜ் நகருக்கு அருகிலிருந்த புறூக்லன்ஸ் ஓட்டத்திடலாகும். ஹியூ லொக் கிங் என்னும் செல்வர் தம் சொந்த நிலத்திலே, தம் சொந்தப் பொருளைச் செலவிட்டு அமைத்த இத்திடல், 1907ஆம் ஆண்டு யூன் மாதம் திறக்கப்பட்டது. இரண்டே முக்கால் மைல் நீளமுள்ள கொங்கிறீற்றுப் பாதை. வளைவுகளிற் சுவர்போல் உயர்ந்த சரிவு. திறப்பு விழா நிகழ்ந்து சில நாட்களே கழிந்த நிலையில், எஸ். எவ். எட்ஜ் என்னும் ஓட்டுநர் நேப்பியர் வண்டியொன்றை 24 மணி நேரம் இடைவிடாது ஓட்டினார். இருளில் வழி தெரியும்பொருட்டுப் பாதையோரமெங்கும் சிவப்பு விளக்குகள் வைக்கப்பட்டன. அவர் கடந்த தூரம் 1581 மைல். சராசரி வேகம் மணிக்கு ஏறக்குறைய 66 மைல். உலகம் வியந்தது. ஆனால், அவ்விரவு முழுவதும் கண்ணயராது கிடந்த அயலவர் வியக்கவில்லை, வெகுண்டனர். முறைப்பாடுகள் எழுந்தன, இரவு ஓட்டம் தடைசெய்யப்பட்டது.

அத்தடையின் விளைவைப் பிற்காலத்திற் காணலாம். பிரான்சில் லே மான் நகரில் நடைபெறும் 24 மணி நேரப் போட்டியைப் போல ஒன்றை 1929இல் புறூக்லன்ஸில் நடத்த விரும்பியவர்கள், அதனைப் பகலுக்குப் பன்னிரண்டு மணியாக இரண்டு நாட்களுக்குப் பிரித்தனர். இரவில் வண்டிகள் பூட்டி வைக்கப்பட்டன. அதனால் அப்போட்டி ‘இரட்டைப் பன்னிரண்டு’ என்றே பெயர் பெற்றது.

பகலோசையும் பூசலுக்குக் காரணமாயிற்று. 1920களின் நடுப்பகுதியில் அயலவர் மீண்டும் வழக்குத் தொடர்ந்தனர். திடல் நடத்துவோர்க்கு இரண்டே வழிகள் இருந்தன: ஓசையை அடக்குதல், அல்லது திடலை மூடுதல். அவர்கள் முன்னையதையே தேர்ந்தனர். குறித்த அளவுகளையுடைய பெரிய உருண்டைப் பெட்டியும், அதன் பின்னே மீன்வால் போன்று அகன்ற முனையும் ஒவ்வொரு வண்டிக்கும் கட்டாயமாயின. அது ‘புறூக்லன்ஸ் டின்’ என அழைக்கப்பட்டது. ஓட்டுநர்கள் முணுமுணுத்தனர், வேகம் குன்றிவிடும் என அஞ்சினர். நிகழ்ந்ததோ வேறு. 1935ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் ஜோன் கொப், நேப்பியர் றெயில்ற்றன் என்னும் வண்டியை மணிக்கு 143.44 மைல் வேகத்தில் அத்திடலைச் சுற்றி ஓட்டினார். அவ்வண்டியிலும் அதே சைலன்சர்கள் பொருத்தப்பட்டிருந்தன. 1939இல் அத்திடலில் ஓட்டங்கள் நின்றுபோகும் வரையில் அச்சாதனையை எவரும் முறியடித்திலர்.

இதன் காரணம் எளிது. சிறிய பெட்டியினுள் வாயுவை நெருக்கினால் தடை உண்டாகும்; பெரிய பெட்டியினுள் விரியவிட்டால், அது தன் வேகமும் வெப்பமும் தணிந்து அமைதியாக வெளியேறும். அயலவரின் வழக்கு வேகத்தைக் கொல்லவில்லை, பொறியியலாளரைச் சிந்திக்கவைத்தது.

இவ்வாறு ஓசையை அடக்க ஒரு சாரார் முயன்றுகொண்டிருக்கையில், வீணாகும் அவ்வாயுவையே வேலை வாங்கலாமே என எண்ணினார் சுவிற்சர்லாந்து தேசத்துப் பொறியியலாளர் ஒருவர். அவர் பெயர் அல்பிரட் பூக்கி. வெளியேறும் வாயுவினால் ஒரு சுழலியைச் சுழற்றி, அச்சுழலியின் அச்சிலே பொருத்திய விசிறியினால் இயந்திரத்தினுள் மிகுதியான காற்றைத் திணிப்பது அவர் திட்டம். காற்று மிகுந்தால் ஒட்சிசன் மிகும், எரிபொருளும் மிகுதியாக எரியும், வலு கூடும். 1905இல் அவர் காப்புரிமை பெற்றார். ஆயினும் அக்கனவு நனவாக இருபது ஆண்டுகள் சென்றன. 1920களில் இரண்டு ஜெர்மானியப் பயணிகள் கப்பல்களின் டீசல் இயந்திரங்களில் அவர் முறை கையாளப்பட்டபோது, 1750 பரிவலுவாக இருந்தது 2500 பரிவலுவாக உயர்ந்தது. இக்கருவியே இன்று டர்போ என வழங்குவது.

இடைக்காலத்தில் வேறு சிலரும் இத்துறையில் உழைத்தனர். பிரான்சின் ஒகஸ்ற் றாற்றோ முதலாம் உலகப் போரின்போது விமான இயந்திரத்திற்கு இதனைப் பொருத்தினார். அமெரிக்கரான சான்போட் மொஸ் என்பார் 1918இல், லிபேற்றி விமான இயந்திரமொன்றை 14,000 அடிக்கு மேல் உயர்ந்த பைக்ஸ் சிகரத்திற்கு ஏற்றிச் சென்று சோதித்தார். தரையில் 350 பரிவலு தந்த அவ்வியந்திரம், சிகரத்தின் மெல்லிய காற்றில் 230 பரிவலுவே தந்தது. டர்போவைப் பூட்டியதும் 356 ஆக உயர்ந்தது. இரண்டாம் உலகப் போரில் உயரப் பறந்த அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் பல இக்கருவியையே நம்பியிருந்தன.

டர்போவிற்கு மற்றொரு பண்பும் உண்டு. வெடித்துப் பாயும் வாயு சுழலியின் இதழ்களில் மோதி அதனைச் சுழற்றுகையில், தன் சக்தியில் ஒரு பகுதியை இழந்துவிடுகிறது. பாய்ச்சலின் கூர்மையும் மழுங்குகிறது. எனவே டர்போ தானே ஒரு சைலன்சராகவும் தொழிற்படுகிறது. ஓசையாகிச் சிதற வேண்டியதில் ஒரு பங்கு வலுவாக மாறுகிறது. வலுவும் அமைதியும் ஒன்றற்கொன்று பகை என்னும் பழங்கொள்கை இங்கே தகர்ந்துவிடுகிறது.

பொதுமக்கள் வாங்கும் கார்களில் டர்போ முதன்முதல் இடம்பெற்றது 1962ஆம் ஆண்டில், அமெரிக்காவில். ஓல்ட்ஸ்மொபீல் ஜெற்பயர், செவ்ரொலே கோர்வெயர் மொன்சா ஸ்பைடர் ஆகிய இரண்டுமே அவை. இவற்றுள் கோர்வெயரின் கதை படிப்பினை மிக்கது. டர்போ அளவிற்கு மிஞ்சிக் காற்றைத் திணித்தால் இயந்திரம் சிதையும். அதனைத் தடுக்க, மிகை வாயுவை விலக்கிவிடும் வால்வொன்று வேண்டும். கோர்வெயரில் அவ்வால்வு இல்லை. சைலன்சர் கொடுக்கும் தடையே டர்போவை அடக்கி வைக்குமாறு அதனை வகுத்தோர் கணக்கிட்டிருந்தனர். வலு கூடுமென நினைத்துத் தடை குறைந்த சைலன்சரை மாட்டினால், காற்றின் அமுக்கம் கட்டுமீறி உயர்ந்து இயந்திரத்திற்கே ஊறு விளைக்கும். ஓர் உறுப்பை மாற்றுவோன் முழு இயந்திரத்தையும் அறிந்திருத்தல் வேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று அரிது.

1977இல் சுவீடன் நாட்டின் சாப் நிறுவனம் காட்சிக்கு வைத்த 99 டர்போ, அவ்விலக்கு வால்வைச் செம்மையாகக் கையாண்டது. இரண்டு லீற்றர் இயந்திரம் 145 பரிவலு தந்தது. குறைந்த வேகத்திலேயே விழித்தெழும் சிறிய டர்போவைப் பொருத்தி, நாளாந்தப் பயணத்திற்கு ஏற்றதாக அதனை ஆக்கினர். பின்வந்த மின்னணுக் கட்டுப்பாடு, அமுக்கத்தை நொடிக்கு நொடி அளந்து திருத்தலாயிற்று.

டர்போ வண்டியின் புகைக்குழாயைத் திருத்தி வலுவைக் கூட்ட விழைவோர் இன்று கைக்கொள்ளும் முறை, இவ்வரலாற்றின் பிழிவேயாகும். சுழலி செய்யும் வேலை, அதன் முன்னும் பின்னும் உள்ள அமுக்கங்களின் விகிதத்தைப் பொறுத்தது. பின்னுள்ள அமுக்கம் குறையக் குறையச் சுழலி விரைந்து சுழலும். ஆதலின் டர்போவிற்குப் பின்னுள்ள குழாயை அகலமாக்குகின்றனர். இரண்டு அங்குல விட்டத்தை மூன்று அங்குலமாக்கினால், வாயு செல்லும் பரப்பு இரண்டேகால் மடங்காகிறது. குழாயின் வளைவுகளும் மென்மையாக்கப்படுகின்றன.

அவ்வாறாயின் ஓசையை அடக்குவது எங்ஙனம்? வாயுவும் ஒலியும் ஒரே வழியிற் சென்றாலும், இரண்டும் ஒன்றல்ல. துளைகள் நிறைந்த நேர்க்குழாய் ஒன்றைச் சுற்றிக் கண்ணாடி நாரை அடைத்துவிட்டால், வாயு தடையின்றி நேரே செல்லும். ஒலியலையோ துளைகளினூடே பரந்து நாரிற் சிக்கி வெப்பமாக மாறும். இத்தகைய சைலன்சர் நீளமாக அமைதல் நன்று. நடுவில் ஒன்று, கடையில் ஒன்று என இரண்டு இருப்பின் மேலும் நன்று. நார் கூரிய ஒலியையே நன்கு விழுங்கும்; நெடுஞ்சாலையில் வண்டியினுள்ளே தலைவலியைத் தரும் அடித்தொண்டை முழக்கத்தை அது விழுங்காது. அதற்கு மருந்து, முனை மூடிய கிளைக்குழாய். ஒலியலையின் நீளத்தில் நாலிலொரு பங்கு நீளமுள்ள குழாயைப் பக்கத்தில் இணைத்தால், அதனுட் சென்று திரும்பும் அலை, வரும் அலையை எதிர்த்து அழித்துவிடும். முன்னர்க் கூறிய 100 அதிர்வு முழக்கத்திற்கு, சூடான வாயுவில் அக்குழாய் ஏறக்குறைய 1.3 மீற்றர் நீளம் வேண்டும். இவற்றோடு, விலக்கு வால்வு புதிய பாய்ச்சலுக்குப் போதுமானதா என ஆராய்ந்து, மின்னணுக் கட்டுப்பாட்டையும் அதற்கேற்பத் திருத்துதல் இன்றியமையாதது. இதனை மறந்தவர் கோர்வெயரின் பாடத்தை மீண்டும் தம் பொருளைச் செலவிட்டே படிக்க நேரும்.

சட்டமும் இதற்கிடையே இறுகி வந்துள்ளது. 1970இல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் காருக்கு விதித்த ஓசை எல்லை 82 டெசிபல். 1990களின் நடுப்பகுதியில் அது 74 ஆயிற்று. 2014ஆம் ஆண்டின் ஒழுங்குவிதி அதனைப் படிப்படியாக 68 வரை குறைக்குமாறு பணித்தது. பத்து டெசிபல் குறையின் காதிற்கு ஓசை பாதியாகத் தோன்றும். ஆயினும் இக்காலத்துக் கார்கள் 1970இன் கார்களினும் வலு மிக்கவை என்பதை எவரும் மறுக்கவியலாது.

இறுதியாக ஒரு வேடிக்கை. 2014இல் போர்மியூலா ஒன்று ஓட்டப் போட்டிகளில் 1.6 லீற்றர் டர்போ இயந்திரம் விதிக்கப்பட்டது. சுழலியின் அச்சிலேயே மின்பிறப்பாக்கியும் பூட்டி, வீணாகும் வெப்பத்தினின்று மின்சாரம் பெற்றனர். ஒரு போட்டிக்கு 100 கிலோகிராம் எரிபொருளே என்ற கட்டுப்பாட்டினுள் அவை விரைந்தோடின. ஆனால் மெல்பேணில் நடந்த முதற் போட்டியிலேயே, ஓசை போதவில்லையெனப் பார்வையாளர் குறைகூறினர். அவ்வாண்டு மே மாதம் பார்சிலோனாவில், ஓசையைப் பெருக்க ஊதுகுழல் வடிவில் அகன்ற குழாய் முனை ஒன்றும் சோதித்துப் பார்க்கப்பட்டது. அம்முயற்சி பலிக்கவில்லை. சுழலி ஏற்கனவே உண்டுவிட்ட சக்தியைக் குழல் எங்கிருந்து மீட்டுத் தரும்?

1907இல் அயலவர் உறக்கமிழந்து ஓசையை வெறுத்தனர். 2014இல் பார்வையாளர் ஓசையை இழந்து வருந்தினர். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட நூற்றாண்டு உணர்த்தும் உண்மை ஒன்றே: புகைக்குழாயின் ஆரவாரம், வலு கைநழுவிப் போகும் ஓசை. நிறைகுடம் தளும்பாது என்றனர் முன்னோர். இயந்திரத்திற்கும் அது பொருந்தும்.