என்ரிக் வழக்கும் அரச அதிகாரத்தின் எல்லையும்

1762 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 11 ஆந் திகதி, இலண்டன் நகரை அடுத்த ஸ்ரெப்னியில் வாழ்ந்த ஜோன் என்ரிக் என்பாரின் இல்லத்துள் மன்னரின் ஏவலரான நேதன் கரிங்ரனும் வேறு மூவரும் புகுந்தனர். நான்கு மணி நேரம் அங்கு நின்று, பூட்டிய கதவுகளையும் பெட்டிகளையும் இழுப்பறைகளையும் உடைத்துத் திறந்து, கண்ணிற்பட்ட தாள்களையெல்லாம் படித்துப் பார்த்து, நூற்றுக்கணக்கானவற்றை அள்ளிச் சென்றனர். என்ரிக் கள்வருமல்லர், கலகக்காரருமல்லர்; பள்ளியாசிரியராகவும் அகராதி தொகுப்பவராகவும் காலங்கழித்தவர். அரசாங்கத்தைக் கண்டித்து வந்த 'மொனிற்றர்' என்னும் வார ஏட்டில் அவரது கைவண்ணம் உண்டு என்பதே அவர்மீது சுமத்தப்பட்ட குற்றம். ஏவலர் கொணர்ந்த ஆணையில் ஒப்பமிட்டிருந்தவர் நீதிபதியல்லர். அரசாங்கச் செயலாளருள் ஒருவரான ஹலிபக்ஸ் பிரபு.

அமைச்சர் ஒருவருக்கு இவ்வதிகாரம் எங்கிருந்து வந்தது? நட்சத்திர மண்டப நீதிமன்றம் 1641 இல் ஒழிக்கப்பட்டது. அச்சகங்களுக்கு அனுமதி வழங்கிய சட்டமும் 1695 இல் காலாவதியாயிற்று. ஆயினும் அவற்றின் நிழலில் வளர்ந்த ஆணைகள் மட்டும் ஒழியவில்லை. சட்டம் செத்தபின்னும் வழக்கம் உயிரோடிருந்தது. எவரும் நீதிமன்றத்தில் அதனை எதிர்க்காமையால் வழக்கமே சட்டமென மயங்கும் நிலையும் உருவாயிற்று.

அம்மயக்கத்தைக் கலைத்தது 1763 ஆம் ஆண்டு ஏப்பிரலில் வெளிவந்த 'நோத் பிரிற்றன்' ஏட்டின் 45 ஆம் இதழ். மன்னரின் பாராளுமன்ற உரையை அது தாக்கிற்று. ஹலிபக்ஸ் பிரபு மற்றோர் ஆணை பிறப்பித்தார். அதில் எவருடைய பெயருமில்லை. எழுதியவர், அச்சிட்டவர், வெளியிட்டவர் எவராயினும் பிடிக்க என்பதே அதன் பொருள். பெயரில்லாத ஆணைக்குப் பெயருள்ளோர் 40 க்கு மேற்பட்டோர் இரையாயினர். அவ்விதழை அச்சிடாத ஓர் அச்சகத்தார் படுக்கையிலிருந்து எழுப்பிக் கொண்டுசெல்லப்பட்டார். பாராளுமன்ற உறுப்பினரான ஜோன் வில்க்ஸ் கோபுரச் சிறையில் அடைக்கப்பட்டார். அவர் வழக்காடியமை வரலாற்றிற் பலரும் அறிந்ததே. எமக்கோ அவரினும் ஹக்கிள் என்னும் அச்சுத் தொழிலாளியின் வழக்கே சுவையானதாகத் தோன்றுகின்றது. வாரம் ஒரு கினி கூலி பெற்ற அவரை ஏவலர் ஆறு மணி நேரம் தடுத்து வைத்தனர்; மாட்டிறைச்சியும் பியரும் கொடுத்து உபசரித்தனர். நன்றாக நடத்தினோமே, பின் நட்டமெங்கே என்பது எதிர்வாதம். யூரிமார் 300 பவுண் இழப்பீடு வழங்கினர். ஐந்து ஆண்டுக் கூலியினும் மிக்க இத்தொகையைக் குறைக்கப் பிரதம நீதியரசர் பிராற் மறுத்துவிட்டார்.

என்ரிக்கும் துணிவு பெற்று அத்துமீறலுக்காக வழக்குத் தொடுத்தார். 1765 இல் தீர்ப்பு வழங்கியவர் அதே பிராற். அதற்குள் அவர் கம்டன் பிரபுவாகியிருந்தார். என்ரிக்கின் பெயர் ஆணையிற் குறிக்கப்பட்டிருந்தமையால் வினா சற்று வேறுபட்டது. ஆளைக் குறித்துவிட்டால் அவரது தாள்கள் அனைத்தையும் அள்ளலாமா? கம்டன் களவுப் பொருளைத் தேடும் ஆணையோடு இதனை ஒப்பிட்டார். அங்கு முறைப்பாட்டாளர் சத்தியம் செய்யவேண்டும்; தேடும் பொருள் இன்னதெனக் குறிக்கவேண்டும். இங்கோ அவையில்லை, எடுத்தவற்றுக்குப் பட்டியல்கூட வேண்டப்படவில்லை. நாட்டின் பாதுகாப்புக்கு இது தேவை என்ற வாதத்தையும் அவர் ஏற்கவில்லை. அத்தகைய தேவையைப் பொதுச் சட்டம் அறியாது என்றார். அதிகாரமுண்டு என்பவரே அதற்கான சட்டத்தைக் காட்டவேண்டும்; ஏடுகளில் அது இல்லையெனில் அது சட்டமன்று. இதுவே தீர்ப்பின் உயிர்நிலை. என்ரிக்குக்கும் 300 பவுண் கிடைத்தது.

இத்தீர்ப்பைப் போற்றுவோர் பெரும்பாலும் கடந்து செல்லும் ஓர் இடமுண்டு. கம்டன் காத்தது அந்தரங்கத்தையன்று, உடைமையை. தாள்கள் ஒருவரது பொருள்கள், அவற்றைத் தூக்கிச் செல்வது அத்துமீறல் என்பதே தருக்கம். அவற்றின் இரகசியத் தன்மை நட்டத்தை மிகுவிக்குமேயன்றித் தனியே வழக்குக்கு வழிகோலாது. கண் அத்துமீறல் செய்யாது என்று அவரே கூறிவைத்தார். கதவையும் பெட்டியையும் தொடாமல் உளவறியும் வழி அன்று ஏது? ஆதலால் எவரும் அச்சொல்லைப் பொருட்படுத்தவில்லை.

தொலைபேசி வந்தபோது அச்சொல் விழித்தெழுந்தது. கம்டனின் தீர்ப்பைத் தம் உரிமைச் சாசனத்தின் ஊற்றுக்களுள் ஒன்றாகக் கருதிய அமெரிக்கரிடையே, 1928 இல் ஒல்ம்ஸ்ரெட் வழக்கில், வீட்டுக்கு வெளியே கம்பியை இணைத்து ஒட்டுக்கேட்டால் தேடுதலாகாது என உயர்நீதிமன்றம் தீர்த்தது. 1967 இலேயே அந்நிலைப்பாடு கைவிடப்பட்டது. இங்கிலாந்தில் நிகழ்ந்தது இன்னும் விந்தையானது. களவுப் பொருள் வைத்திருந்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்ட மலோன் என்னும் பழம்பொருள் வணிகரின் உரையாடல், உள்நாட்டு அமைச்சரின் ஆணைப்படி ஒட்டுக்கேட்கப்பட்டது. 1979 இல் நீதிபதி மெகரி, எவரும் அவர் வீட்டுள் புகவில்லையாதலால் அத்துமீறலில்லை. சட்டம் தடுக்காத எதனையும் எவரும் செய்யலாம் என்று வழக்கைத் தள்ளுபடி செய்தார். குடிமகனுக்குரிய சுதந்திரம் அரசுக்கும் உரியதாயிற்று. கம்டனோ அரசே தன் அதிகாரத்துக்குச் சட்டங் காட்டவேண்டும் என்றிருந்தார். இவ்விடயத்துக்குச் சட்டம் அவசரமாக வேண்டும் என்று மெகரியே வருந்தி எழுதினார் என்பதையும் நாம் மறைத்தலாகாது.

1984 இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் மலோனுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. மறுவருடம் பிரித்தானியப் பாராளுமன்றம் சட்டமொன்றை நிறைவேற்றிற்று. கம்டன் கேட்ட சட்டம் ஏட்டில் ஏறிவிட்டது. ஆனால் ஆணையில் ஒப்பமிடும் பேனா, ஹலிபக்ஸ் பிரபு வகித்த அதே அரசாங்கச் செயலாளர் பதவியினரின் கையிலேயே இருந்தது. அவரது ஒப்பத்துக்கு நீதித்துறை ஆணையாளர் ஒருவரின் அங்கீகாரமும் வேண்டும் என்னும் விதி 2016 ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலமே வந்தது.