ஆடு, புல்லுக்கட்டு, ஓநாய்: பள்ளிக் கணினிக் கல்வியில் செய்து கற்றலின் வரலாறு

ஓர் உழவர் தன் ஆட்டையும் புல்லுக்கட்டையும் ஓநாயையும் ஆற்றைக் கடத்த வேண்டும். படகில் அவரோடு ஒன்றுக்குத்தான் இடம். அவர் இல்லாத கரையில் ஆடு புல்லைத் தின்றுவிடும். ஓநாய் ஆட்டைத் தின்றுவிடும். ஊர்ப்புறத்தில் ஓநாய்க்குப் பதில் புலியை வைத்துப் பெரியவர்கள் போடும் இந்தப் பழைய புதிர், 2018-இல் வெளிவந்த தமிழ்நாட்டின் பதினொன்றாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலில் இடம்பிடித்தது. இந்தியப் பள்ளிகளுக்குக் கணினி வந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகு, கணினியே தேவைப்படாத ஒரு செயல்பாடு கணினிப் பாடத்துக்குள் வந்தது எப்படி? தாம்பரத்தையும் தென்சென்னைப் புறநகரையும் நடுவில் வைத்துப் பார்த்தால் இதற்கு விடை கிடைக்கிறது.

பெட்டி வந்த காலம்

1984-85-இல் மத்திய அரசின் மின்னணுவியல் துறையும் கல்வி அமைச்சகமும் 'கிளாஸ்' என்ற திட்டத்தைத் தொடங்கின. நாடெங்கும் 248 பள்ளிகளுக்கு பி.பி.சி. மைக்ரோ கணினிகள் வந்தன. 32 கிலோபைட் நினைவகம் கொண்ட அந்த இயந்திரத்தை இயக்கியதும் திரையில் தெரிவது பேசிக் மொழியின் கட்டளை வரிதான். எதையாவது தட்டச்சு செய்தால்தான் அது ஏதாவது செய்யும். மாணவர் கைவைக்காமல் நகராத கணினி அது. ஆனால் பள்ளிக்குச் சில கணினிகளே இருந்ததால், பெரும்பாலோர் பின்னால் நின்று எட்டிப் பார்க்கத்தான் முடிந்தது.

பிறகு பிளஸ் டூவில் கணினி அறிவியல் ஒரு முக்கியப் பாடமானது. பாடநூலில் ஸ்டார் ஆபீசும் சி++ மொழியும் இருந்தன. பழைய வினாத்தாள் அமைப்பைப் பார்த்தால் அன்றைய வகுப்பறை கண்முன் வருகிறது: எழுத்துத் தேர்வின் 150 மதிப்பெண்ணில் ஒரு மதிப்பெண் வினாக்களுக்கு மட்டும் 75, இரண்டு மதிப்பெண் வினாக்களுக்கு 40, ஐந்து மதிப்பெண் வினாக்களுக்கு 35. செய்முறைத் தேர்வு தனியாக இருந்தாலும், பாதி மதிப்பெண் சரியான விடையைத் தேர்ந்தெடுப்பதில் கிடைக்கும்போது, நிரலை ஓட்டிப் பிழை தேடும் பழக்கம் பின்னுக்குப் போவது இயல்பு. மெனுவில் எந்தக் கட்டளை எங்கே இருக்கிறது என்பது மனப்பாடத்துக்கு உரிய செய்தியானது.

2011 செப்டம்பர் 15-இல் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியதும் நிலைமை ஒரு வகையில் மாறியது. எட்டிப் பார்த்த காலம் போய், கணினி வீட்டுக்கே வந்தது. ஆனாலும் கருவி கைக்கு வந்ததால் மட்டும் சிந்தனை வந்துவிடவில்லை.

காகிதமும் பென்சிலும்

இதே காலத்தில் புறநகரில் வேறொரு மரபு வளர்ந்தது. சிறுசேரியில் 2005 முதல் சென்னைக் கணிதவியல் கழகம் இயங்குகிறது. அங்குள்ள பேராசிரியர் மாதவன் முகுந்த் இந்தியக் கணினி ஒலிம்பியாடை ஒருங்கிணைத்து வந்திருக்கிறார். அந்த ஒலிம்பியாடின் முதல் கட்டத்தில் உள்ள எழுத்துத் தேர்வில் நிரல் எழுதும் வேலையே இல்லை. மாணவர்கள் காகிதமும் பென்சிலும் கொண்டு, கட்டங்களுக்குள் வழி எண்ணியும், பொருள்களை வரிசைப்படுத்தியும் விடை காண்கிறார்கள்.

உலக அளவிலும் இந்தச் சிந்தனை வலுத்தது. 1990-களில் டிம் பெல், இயன் விட்டன், மைக் ஃபெல்லோஸ் ஆகியோர் கணினி இல்லாமலே கணினி அறிவியல் கற்பிக்கும் செயல்பாடுகளைத் தொகுத்தனர். அவற்றில் எளியது அட்டை விளையாட்டு. ஐந்து பிள்ளைகள் 16, 8, 4, 2, 1 புள்ளிகள் உள்ள அட்டைகளோடு வரிசையாக நிற்கிறார்கள். தாம்பரத்துக்காரர்களுக்குப் பழக்கமான 21ஜி பேருந்தின் 21 வேண்டுமா? 16, 4, 1 அட்டைகள் திறக்கும். 8, 2 மூடும். திறந்ததை 1 என்றும் மூடியதை 0 என்றும் எழுதினால் 10101. இருநிலை எண்முறை பிள்ளைகளின் கையிலேயே புரிந்துவிடுகிறது.

ஓநாய் எழுத்தாகும்போது

2018 பாடநூல் அந்தப் புதிரைச் சும்மா சேர்க்கவில்லை. அருவமாக்கம் என்ற கருத்தைக் கற்பிக்க அது பயன்பட்டது. மாணவர் ஓநாயின் பல்லையும் படகின் நிறத்தையும் மறந்து, நான்கு எழுத்துகளை மட்டும் வைத்துக்கொள்ளலாம்: உ, ஆ, பு, ஓ. ஒவ்வொன்றும் இக்கரையில் இருக்கும் அல்லது அக்கரையில் இருக்கும். ஆக மொத்தம் 16 நிலைகள். அவற்றில் ஆறு ஆபத்தானவை. அவற்றை அடித்துவிட்டால் மிஞ்சுவது பத்து. ஒரு நிலையிலிருந்து ஒரே பயணத்தில் இன்னொரு நிலைக்குப் போக முடிந்தால் இரண்டுக்கும் நடுவே கோடு போட வேண்டும். கோட்டின் வழியே விரலை நகர்த்தினால் ஏழு பயணங்களில் வேலை முடிகிறது. நான்காவது பயணத்தில் அக்கரை சேர்ந்த ஆட்டை மறுபடி இக்கரைக்குக் கொண்டுவர வேண்டும். பலர் தடுமாறும் இடம் அதுதான். நிலை, மாற்றம், தேடல் என்ற மூன்றும் நிரலின் ஒரு வரிகூட எழுதாமல் கைக்கு வந்துவிடுகின்றன.

அடுத்த ஆண்டுப் பன்னிரண்டாம் வகுப்பு நூலில் பைத்தான் வந்தது. பத்தாம் வகுப்பு அறிவியல் நூலின் கடைசிப் பாடத்தில் ஸ்கிராட்ச் சேர்ந்தது. அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் ஆய்வகங்களும் அமைந்தன.

ஆய்வின் முடிவு

இந்த வரலாற்றில் இரண்டு செய்திகள் தெளிவாகின்றன. கணினிகளின் எண்ணிக்கை கூடியபோதெல்லாம் கற்றல் தானாக ஆழப்படவில்லை. மாணவர் செய்ய வேண்டிய வேலை மாறியபோதுதான் பாடம் மாறியது. இரண்டாவதாக, அந்த மாற்றம் மேல் வகுப்பிலேயே நின்றுவிட்டது. ஆடும் ஓநாயும் பதினொன்றாம் வகுப்பில், அதுவும் கணினி அறிவியல் பிரிவை எடுத்தவர்களுக்கு மட்டுமே கிடைத்தன. புதிய தேர்வு முறையில் செய்முறைத் தேர்வுக்கு உள்ள 20 மதிப்பெண்ணும் நிரலைச் சுற்றியே அமைந்திருக்கிறது.

அட்டை விளையாட்டுக்கு மின்சாரம் வேண்டாம், இணையம் வேண்டாம். சேலையூரிலோ பம்மலிலோ உள்ள ஒரு நடுநிலைப் பள்ளி ஆறாம் வகுப்பிலேயே அதைத் தொடங்க, ஒரு சார்ட் தாளும் ஒரு ஸ்கெட்ச் பேனாவும் பிள்ளைகள் வரிசையில் நிற்க ஒரு வராந்தாவும் இருந்தால் போதும்.