துளியை நிறுத்தறிதல்

கல்முனை, சம்மாந்துறை வயற்களங்களில் நெல்லை மரைக்காலால் அளந்த நாளில், தலை தட்டி அளப்பதா, குவித்து அளப்பதா என்று பிணக்கு எழுவதுண்டு. முகத்தலளவை, அளப்பவன் கையை நம்பி நிற்பது. நிறையோ கைக்குக் கட்டுப்படுவதன்று. 1795இல் பிரான்சு, ஒரு கன சென்ரிமீற்றர் நீரின் நிறையைக் கிராம் என வகுத்தபோதே இரண்டும் உறவாகிவிட்டன.

1957இல் ஜேர்மனியின் மார்பூர்க் நகரில் ஹைன்றிக் ஷ்னிட்கர், பெருவிரலால் அழுத்தி இயக்கும் நுண்குழாயியை ஆக்கினார். மில்லிலீற்றரின் ஆயிரத்திலொரு பங்கைக் கணக்கிட்டுத் துளி விடும் காலம் பிறந்தது. அத்துளி சரியானதென்று கண்ணால் எவ்வாறு காண்பது? இரத்தப் பரிசோதனையில் அது பிழைத்தால் நோயாளிக்குரிய முடிவும் பிழைக்குமன்றோ! கண்ணாடிக் கலங்களைச் சரிபார்க்க முன்பே வழங்கிய பழைய முறைதான் கைகொடுத்தது: துளியைத் தராசிலிட்டு நிறுத்தனர். 2002இல் சர்வதேச நியமமும் இதனை வகுத்துரைத்தது. இன்று இயந்திரக் கரம் துளியை விட, தராசு நிறுக்க, கணினி பதிந்துகொள்கிறது.

ஆயினும் நீரின் நிறை வெப்பத்தோடு மாறும். 20 பாகை செல்சியசில் ஓர் இலீற்றர் நீர் 998.2 கிராம், கல்முனைக் கரையில் வழமையான 30 பாகையில் 995.7 கிராமே. நுண்துளியோ நிறுக்கும்போதே ஆவியாகத் தொடங்கும். ஆதலால் தராசுத் தட்டைச் சூழ ஈரப்பதத்தைப் பேணி, வெப்பநிலைக்கேற்பத் திருத்திய பின்னரே நிறையைக் கொள்ளளவாக மாற்றுவர்.